மோட்டார் ரூமில் நீ இருந்த மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

கூடலூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சாரல் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் இன்னும் இறங்கவில்லை. இதெல்லாம் நீ போனில் கேட்பாய், நானும் சொல்லிவிடுவேன். போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். வாயெடுத்தபோதெல்லாம், "அம்மா, ஒரு நிமிசம், இன்னொரு கால் வருது" என்றாய். குறையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உன் போன் அடிக்கவே அடிக்காது. அதை நினைத்தால் இது எனக்குச் சந்தோஷம்தான். இந்தக் கடிதத்தை உனக்கென்று மட்டும் ஒட்டி அனுப்பப் போவதில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகும் சுகன்யாவும் படிக்கட்டும். ஊரில் யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன்.

போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் உன் பேட்டி வந்தது. அட்டையிலேயே உன் படம். வௌவால்களைப் பற்றி இந்த நாட்டில் யார் பேசினாலும் உன் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது என்று எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. சொந்த ஊரில் வேலை செய்த ஆரம்ப வருடங்கள் எப்படி இருந்தன என்று கேட்டிருக்கிறார்கள். "நான் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை, என் ஊரே எனக்குத் துணையாக நின்றது" என்று சொல்லியிருக்கிறாய். அந்த வரியில் நின்றுவிட்டேன். அடுப்பில் சோறு குழைந்து கூழாகிப்போனதுகூடத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். ஊர் முழுக்க அதைப் படித்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே பெருமை.

மறுவாரம் சுகன்யா போன் செய்தாள். கல்யாணப் புடவையின் நிறத்தைப் பற்றிப் பேசிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அத்தை, அவர் அங்க இருந்த நாளைப் பத்திக் கேட்டா சிரிச்சுக்கிட்டே பேச்சை மாத்திடுறார். நிஜமா எப்படித்தான் இருந்தார்?" என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லுமுன் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ சொல்லாமல் விட்டதை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

பேட்டியில் இன்னொன்றும் போட்டிருக்கிறார்கள், சின்ன வயதிலிருந்தே உனக்கு மிருகங்கள், பறவைகள் என்றால் உயிர் என்று. பல்லி சுவரில் ஓடினாலே என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாய். விலங்கியல் படித்ததுகூட வேறு பாடத்தில் இடம் கிடைக்காததால்தான். மதுரையில் மேல்படிப்பை முடிக்கும் நேரத்தில் அப்பா போய்விட்டார். நீ ஊருக்கு வந்தாய். வேலைக்கு எழுதிப் போட்ட இடங்களிலிருந்து ஒன்றும் வரவில்லை. பஜாரில் உரக்கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று உன் சித்தப்பா ராசாங்கம்தான் சொல்லிவிட்டார். சுகன்யாவுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்: ராசாங்கம் உன் அப்பாவின் பெரியப்பா மகன். நம் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி அவர் தோட்டம். இரண்டையும் தாண்டினால் முல்லைப் பெரியாறு. பூச்சிமருந்து விற்கும் கடையில்தான் உன் வேலை ஆரம்பித்தது. எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று கேட்டு வருகிறவர்களிடம் நீ அந்தப் புழுவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாயாம். முதலாளி என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

வௌவால் உன் வாழ்க்கைக்குள் வந்தது நம் வலையில் செத்துக் கிடந்துதான். பழம் நிறம் மாறும் சமயத்தில் பந்தலுக்கு மேலே வலை கட்டுவோம். ஒருநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் பெரிய பழந்தின்னி வௌவால் ஒன்று சிக்கி, சிறகெல்லாம் சுற்றிக்கொண்டு செத்திருந்தது. அறுத்து எறி என்றேன். நீ அறுத்து எடுத்து, வரப்பில் வைத்து, கிட்டே உட்கார்ந்துவிட்டாய். கடைக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டேன். "மூஞ்சியப் பாருமா, கோம்பைக் குட்டி மாதிரி இருக்கு" என்றாய். குனிந்து பார்த்தேன். செம்பட்டை மயிர், கறுத்த மூக்கு, காது விறைத்து நிற்கிறது. கோம்பை நாயின் குட்டியேதான். எனக்கு அதற்குமேல் பார்க்கப் பிடிக்கவில்லை. நீ அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கடைக்குப் போனாய். அன்று சாயங்காலம் நீ நேராக வீட்டுக்கு வரவில்லை. ஆற்றங்கரை மருதமரத்தடியில், தலைகீழாகத் தொங்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாய்.

அதற்குப் பிறகு நீ அந்த மரத்தடிக்குப் போகாத நாள் இல்லை. அவை மென்று துப்பும் சக்கையைப் பொறுக்குவாய், எச்சத்தைக் கரைத்து வடிகட்டி விதைகளைப் பிரிப்பாய், உரக்கடையில் வீசியெறியும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி அவற்றில் போட்டு அடுக்குவாய். எந்த மாதம் அத்தி, எந்த மாதம் ஆலம்பழம், இலுப்பைப் பூவுக்கு எவ்வளவு தூரம் பறந்து போகின்றன என்று சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருப்பாய். நான் ம் போடுவேன். பாதி புரியும். உனக்கு அதைக் கேட்க வேறு ஆள் இல்லை என்பது முழுக்கப் புரியும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் முதலில் கேலி பேசினார்கள், பிறகு கேலி பேசக்கூட வரவில்லை. உனக்கு வவ்வா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கேரளாவிலிருந்து இறங்கி வரும்போது, ஆற்றோரத்தில் அண்ணாந்து நிற்கும் உன்னைப் பார்த்து உள்ளேயிருந்து ஊளையிடுவார்கள். நீ கையசைப்பாய். கேலி என்று தெரியாமல் அசைக்கிறாயா, தெரிந்தே அசைக்கிறாயா என்று நான் யோசிப்பேன். தெரிந்துதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருடம் மலைக்கு அந்தப் பக்கம் காய்ச்சல் வந்தது. வௌவால் கடித்த பழத்திலிருந்து வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். காய்ச்சல் வந்த ஊர் நமக்கு எவ்வளவோ தூரம். ஆனால் நம் பழம் போவது கேரளாவுக்குத்தானே. கூடலூர்ப் பக்கத்துத் திராட்சையை வௌவால் தின்கிறது என்று யாரோ பரப்பிவிட, சந்தையில் நம் பெட்டியை இறக்கவே விடவில்லை. நம்மிடம் வழக்கமாகப் பழம் எடுக்கும் உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி, "எடுத்துட்டுப் போனா எனக்கும் வீணாப் போகும் தாயி, குமுளியத் தாண்டுனா வாங்க ஆளில்ல. என்னைய மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார். ஒவ்வொரு தோட்டத்திலும் பழம் கொடியிலேயே வெடித்து ஈ மொய்த்தது. வேலை இல்லாமல் பாதி ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கோபம் எங்கே போகும்? ஆற்றங்கரை மரத்துக்குப் போனது. மரத்தடியில் நின்ற உன்மேலும் வந்தது.

உரக்கடை முதலாளி, கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். பழனிசெட்டிபட்டியில் பேசி முடித்திருந்த சம்பந்தத்தில், பெண்ணின் தாய்மாமா வந்தார். பையன் வௌவாலைக் கையால் தொடுகிறானாமே, எங்கள் வீட்டில் பயப்படுகிறார்கள் என்றார். நாம் வைத்து அனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண்ணோடு நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். அவர் போனதும் நீ அவர் உட்கார்ந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டாய். தட்டில் இருந்த வாழைப்பழத்தை உரித்து எனக்கு ஒன்று கொடுத்து, நீயும் ஒன்று தின்றாய். அவ்வளவுதான். சுகன்யா கேட்டால் இதையும் மறைக்காதே. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பிறகு விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். உன்னையும் வரச் சொன்னார்கள். பெண்கள் ஓரமாகச் சுவரையொட்டி நின்றோம். வெடி போட்டு விரட்டுவது என்று எல்லாரும் ஒருமனதாக இருந்தார்கள். கடைசியாகத்தான் ராசாங்கம் எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. உனக்கு ஒரு வழி திறந்துவிடத்தான் அவர் கேட்டார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

"ஏலே, நீ படிச்சவன். ஒத்தக் கேள்விதான் கேக்குறேன். அது நம்ம திராட்சையத் திங்குதா, திங்கலையா?"

தம்பி, திங்கவில்லை என்று சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. சொல்லியிருந்தால் பாதிப்பேர் நம்பியிருப்பார்கள். உன்னைத் தவிர இந்த ஊரில் அதைப் பார்த்தவன் யார்? நீ எழுந்து நின்றாய். வேட்டி நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாய். நீ பயந்திருப்பது எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

"திங்குது சித்தப்பா. அத்தியும் இலுப்பைப் பூவும் இல்லாத மாசத்துல திங்குது. துப்புன சக்கையில நானே பாத்தேன்."

கூட்டம் சலசலத்தது. காய்ச்சல் அதனிடம் இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார்.

"இங்கன உள்ளதுகிட்ட இருக்கானு எனக்குத் தெரியாது. இல்லனு சொல்லவும் தெரியாது. கடிச்ச பழத்தத் திங்காதீக, வெறுங்கையால அதத் தொடாதீக. வெடி போட்டா செதறி ஒவ்வொரு தோட்டமா எறங்கும். இப்ப குட்டியோட இருக்கு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

தெரியாது என்று சொல்லவா இவ்வளவு படித்தாய் என்று யாரோ கேட்க, சிரித்தார்கள். நீயும் சிரிக்கப் பார்த்தாய், வரவில்லை. ராசாங்கம் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் உன் பக்கம் யாரும் திரும்பவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாய். வழக்கமாக எனக்காக நின்று வருவாய். அன்று நிற்கவில்லை. உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவனை நான் இப்படி வளர்க்கவில்லையே, இந்த நேர்மை எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது என்று இப்போது சொன்னால் அது பொய். பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் வெடி போட்டார்கள். திருவிழாவுக்கு வாங்கும் சரவெடி, அணுகுண்டு எல்லாம் கொண்டுவந்து, மரத்தடியில் டயர் கொளுத்திப் புகை போட்டு, விரட்டினார்கள். முதல் திரியைக் கொளுத்தியது ராசாங்கம். வெயிலில் வானமே கறுத்துப்போனது போல அவை எழுந்து சுற்றின, கத்தின, பிறகு மலைப்பக்கம் போயின. அவற்றின் வயிற்றில் ஒட்டியிருந்த குட்டிகள் பிடி விட்டு விழுந்தன. எல்லாரும் போன பிறகு, நீ கையுறையும் வாய்க்கட்டும் போட்டுக்கொண்டு போய், உயிரோடு கிடந்தவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் எடுத்து வந்தாய். வீட்டுக்கு வரவில்லை. நம் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோனாய். எனக்கு அங்கிருந்தே போன் செய்தாய்: "இதுகளுக்கு ஏதும் இருந்தா உனக்கு வந்துறக் கூடாதும்மா. நான் இங்கனயே இருந்துக்கிறேன். நீ கிட்ட வராத."

ஒரு மாதம் நீ அங்கே இருந்தாய். கிணற்றுப் பக்கம், பந்தல் முடியும் இடத்தில், மோட்டாரும் ஸ்டார்ட்டர் பெட்டியும் போக ஒரு கயிற்றுக் கட்டில் போடத்தான் அந்த ரூமில் இடம். நான் சாப்பாடு கொண்டுவந்து பந்தலின் முதல் கல்தூணுக்குக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்க வேண்டும். நான் தள்ளிப் போன பிறகுதான் நீ வந்து எடுப்பாய். பாத்திரத்தைத் திருப்பித் தர மாட்டாய் என்பதால் தினமும் வேறு வேறு பழைய டப்பாக்களில் கொண்டுவந்தேன். பந்தலுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. சத்தம் போட்டு என்ன பேசுவது? குழம்பு உறைப்பா என்று கேட்பேன். இல்லை என்பாய். குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்பேன். துணியில் பால் நனைத்துக் கொடுக்கிறேன், குடிக்கிறது என்பாய். சில நாள் ஒன்று செத்துப்போய்விட்டது என்பாய்.

பழம் வெட்ட ஆள் வரவில்லை. பாண்டியம்மா உனக்கு நினைவிருக்கும், நம் தோட்டத்தில் பழம் வெட்டும் பெண்களைக் கூட்டி வருகிறவள், வேலை இல்லாத நாளில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போவாள். அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வாங்க ஆளில்லாவிட்டாலும் வெட்டிக் கீழே போடவாவது வேண்டும், விட்டால் கொடி கெட்டுவிடும். "வீட்டுல விட மாட்டேங்கிறாகக்கா. ஒம்மவன் அங்கன அதுகளோட இருக்கான்ல" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. நானே வெட்டினேன். நீ பழத்தைத் தொடக் கூடாது என்று உனக்கு நீயே விதி வைத்திருந்தாய். மோட்டார் ரூம் வாசலில் நின்று, நான் ஏணியில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். வெயிலில் நிற்காதே, உட்கார் என்று சொல்வேன். நீ உட்கார மாட்டாய். அம்மா வேலை செய்யும்போது உட்காரப் பிடிக்கவில்லை, கூட வந்து செய்யவும் முடியவில்லை. அப்படியே நின்றாய். இதையெல்லாம் ஊர் துணையாக நின்றது என்று சொல்லியிருக்கிறாய்.

ஒருநாள் காலையில் சாப்பாடு கொண்டுவந்தபோது முந்தின நாள் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது, எறும்பு ஏறி. கூப்பிட்டேன். சத்தமில்லை. ஓடி வந்தேன். உள்ளே கட்டில் அசைந்தது, உன் குரல் கேட்டது. "காச்சலா இருக்கும்மா. கிட்ட வராத, போ." கதவைத் தள்ளினேன். அதற்குள் எழுந்து வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாய். அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கதவைத் தட்டினேன், திட்டினேன், கெஞ்சினேன். "அம்மா, உனக்கு வந்தா நான் என்ன செய்வேன்" என்று உள்ளிருந்து சொன்னாய். உனக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று நீ யோசிக்கவில்லை. கதவில் முதுகை வைத்து உட்கார்ந்து ஆம்புலன்சுக்கு நான்தான் சொன்னேன். அவர்கள் வருகிறவரைக்கும் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நீ மூச்சு விடுவது கேட்டது. அது கேட்கிறவரைக்கும் உயிர் இருந்தது எனக்கு.

அவர்கள் உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு வந்தார்கள். அவர்களுக்குத் தாழ்ப்பாளைத் திறந்தாய். வரப்பில் உன்னை நடத்திக் கூட்டிப்போனபோது ரோட்டில் ஊரே நின்றது. ஒருத்தரும் கிட்டே வரவில்லை. வண்டியில் என்னை ஏற்றவில்லை, பின்னால் வரச் சொன்னார்கள். எப்படிப் போவது என்று தெரியாமல் வாய்க்கால் பாலத்தில் நின்றேன். நீ இதைப் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். கூட்டத்திலிருந்து பாண்டியம்மா வெளியே வந்தாள். அவள் புருஷன் சேலையைப் பிடித்து இழுத்தான், உதறிவிட்டு வந்தாள். "ஏறுக்கா, நானும் வாரேன்" என்று தேனிக்குப் போகும் பஸ்ஸை நிறுத்தினாள். வழியெல்லாம் என் கையை விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைத் தனியாக வைத்து, இரத்தம் எடுத்து அனுப்பி, சாதாரணக் காய்ச்சல் என்று பதில் வருகிறவரைக்கும் வராந்தாவில் என்னோடு படுத்திருந்தாள். நம் ஊரில் யாருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. ஊர் நிற்கவில்லை தம்பி. பாண்டியம்மா நின்றாள்.

நீ திரும்பி வந்தபோது மோட்டார் ரூமில் குட்டி ஒன்றுகூட உயிரோடு இல்லை. நான்தான் நீ சொன்னபடி கையுறை போட்டு, கிணற்றோரம் குழி வெட்டிப் போட்டிருந்தேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். சக்கையும் விதையும் போட்ட டப்பாக்களைப் பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்தாய். மதுரையில் உனக்குப் பாடம் எடுத்தவர் சொல்லி, கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக வரச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு மாதமும் அவை எதைத் தின்கின்றன என்று அதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லையாம். திராட்சை தின்கிறது என்று நீ ஒத்துக்கொண்டதால்தான் மற்றதையும் நம்பினார்கள் என்று பின்னாளில் சொன்னாய். உன் பெயர் அங்கிருந்துதான் வெளியே போனது. பஸ் ஏறும்போது, "போய்ட்டு வாரேம்மா" என்று சொல்லி என் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் எடுத்துக்கொண்டாய். காய்ச்சல் போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. உனக்குக் கை பழகிவிட்டது.

நீ போன பிறகு இங்கே நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மறுவருடமே சந்தை சரியாகிவிட்டது. வௌவால்கள் அந்த மரத்துக்கு வரவில்லை. சில வருடம் கழித்து லோயர் கேம்ப் பக்கம் ஆற்றோரத்து மரங்களில் வந்து தங்கின. நானும் ராசாங்கமும் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், அவர் மோட்டார் போடும் சத்தம் கேட்கும், இருமல் கேட்கும், பேச்சு இல்லை. உன் பேட்டி வந்த பிறகுதான் அவர் நம் வீட்டுப் படியேறினார். பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். கேட்காமலே உட்கார்ந்தார்.

"மதினி, நேத்து ஒரு கார்ல நாலஞ்சு பேரு வந்தானுக, வெளியூர்க்காரனுக. ஏர்கன் வச்சிருந்தானுக. வவ்வாக்கறி தின்னா மூச்சிரைப்பு போகுமாம். இது வவ்வாவக் காப்பாத்துன ஊருடா, வண்டிய எடுங்கனு சொல்லிட்டோம். ரோட்டுல கல்லப் போட்டு மறிச்சு, துப்பாக்கியப் பிடுங்கி ஸ்டேசன்ல குடுத்துட்டுத்தான் விட்டோம். தம்பிகிட்ட சொல்லுங்க, சந்தோசப்படுவான்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். முதல் திரியைக் கொளுத்தியவர். அவர் கண்ணில் பொய் இல்லை. ஊரே உனக்குத் துணை நின்றது என்று நீ சொன்னதை அவர் படித்து, அப்படித்தான் நடந்தது என்று நம்பி, அந்த நம்பிக்கைக்குத் தகுந்தாற்போல நடந்துமிருக்கிறார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, தோட்டத்தில் கொடி வெட்ட, கவாத்துக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். இப்போது பேசிக்கொள்கிறோம்.

இதற்காகத்தான் அப்படிச் சொன்னாயா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் நீ என்னைவிடப் பெரிய மனசுக்காரன். ஊரிடம் கணக்குத் தீர்க்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அவர்கள் நீ சொன்னதையே வைத்துக்கொள்ளட்டும், அது அவர்களுக்கு நல்லதே செய்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்து ராசாங்கம் வருத்தப்பட்டால் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பயம் வேறு. அந்த வரியை நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாயோ என்று பயம். இன்றைக்கு ஏதோ ஒரு ஊரில், ஒரு மரத்தடியில், கேட்க ஆளில்லாமல் நிற்கும் பிள்ளைகள் அதைப் படித்தால், தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா? எங்கேயாவது ஒரு மேடையில் ஒருதடவை, எனக்கும் யாரும் இல்லாமல் இருந்தது என்று சொல். அதனால் உன் பெயர் ஒன்றும் குறைந்துவிடாது.

அதைவிடப் பெரிய பயம் சுகன்யாவைப் பற்றியது. நேசிக்கிறவர்களைத் தள்ளி நிறுத்துவதுதான் அவர்களைக் காப்பது என்று நீ அந்த மோட்டார் ரூமில் கற்றுக்கொண்டாய். அன்றைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். காய்ச்சல் போய்விட்டது, நீ அதை விடவில்லை. போன வருடம் உனக்கு ஆபரேஷன் நடந்ததை நீ வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாய். "நீ பதறுவம்மா" என்றாய். நான் பதறத்தானே இருக்கிறேன்? வேலையில் சங்கடம், உடம்பில் நோவு என்று வரும் நாளில் அவளிடமும் நீ தாழ்ப்பாள் போட்டுவிட்டு, உள்ளேயிருந்து நல்லாயிருக்கேன் என்று சொல்வாய். வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது வேண்டாம். அவளைக் கிட்டே வர விடு. உன் பயத்தை அவள் பார்க்கட்டும், கை நடுங்கினால் பிடித்துக்கொள்ளட்டும். பழகிய கைக்கு அது சுலபமில்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இந்த வீட்டில் நான் தனியாக இருப்பதைப் பற்றி நீ அடிக்கடி கேட்கிறாய். தனியாகத்தான் இருக்கிறேன். பகலில் தெரியாது, விளக்கு வைத்த பிறகு கொஞ்சம் தெரியும். சமைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போட்டுவிட்டு மறுநாள் அதையே தின்கிறேன். உனக்கு இதை நான் இதுவரை சொன்னதில்லை. நான் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்லி வந்தேன். நீ இதை மோட்டார் ரூமில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கல்யாணத்துக்கு நானும் பாண்டியம்மாவும் ஒரு வாரம் முன்னாலேயே நீ இருக்கும் பெங்களூருக்குப் பஸ் பிடித்து வந்துவிடுகிறோம். மண்டபத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஏசி ரூம் போட்டிருப்பதாகச் சொன்னாயே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் வீடு சின்னது, எனக்குச் சௌகரியப்படாது என்றெல்லாம் சொல்லாதே. ஹாலில் ஒரு பாய் போட்டால் போதும். உன் தலைமாட்டுக்குக் கிட்டே போடு.

அம்மா